அரைக்கிளச்

கியரா, ஓட்டோவா?
கேட்காத ஆளில்லை.
மட்டிக்களியில் மீன் வெட்டுகிற பெடியன்
பாரைக்குச் செதிள் உரித்தபடி கேட்டான்.
மருந்தெடுக்க வந்த பிள்ளைத்தாய்ச்சி
நிறை பார்க்கும் தராசில் நின்றபடி கேட்டாள்.
மச்சாளின் மாமியார் மட்டும்
ஓட்டோ என்றதும் மூன்று சில்லை நினைத்து
"உத்தியோகத்தை விட்டுப்போட்டு
உனக்கேன் பிள்ளை ஹயர் ஓட்டம்?" என்றா.

மச்சாள் கௌசிகா
பதினெட்டாம் நாளே ஓட்டோவில் லைசன்ஸ் எடுத்தவள்.
"இடது காலுக்கும் லீவு வேணும்தானே" என்பாள்.
அண்ணன் சுகிர்தன் விடுவானா?
"கியர் போடாதவள் ஓட்டேல்ல,
ஏறி இருக்கிறாள்."
சோற்றுக் கையோடு
காற்றில் மூன்றாம் கியர் போட்டுக் காட்டினான்.
ஒரு பருக்கை என் கோப்பையில் விழுந்தது.

அவன் சொல்லி நான் கியருக்குப் போகவில்லை.
ஓட்டோவில் எடுத்தால் ஓட்டோ மட்டும் என்று
அட்டையில் அடித்துத் தருவார்களாம்.
அந்த மட்டும்
பிடிக்கவில்லை எனக்கு.

நௌபரின் ஆல்டோவில்
கதவுக் கண்ணாடி பாதியில் நிற்கும்.
கிண்ணியாப் பெடியன், என் வயதில் பாதி.
உள்துறைமுக வீதியில்
கடல் ஆடாமல் கிடக்க
கார் மட்டும் ஆடியது.
குலுங்கி நின்றது. இருமி நின்றது.
ஒன்றும் செய்யாமலே ஒருமுறை நின்றது.
"பரவாயில்ல மிஸ், காரும் பழசு" என்றான்.

பிறகு உவர்மலை ஏற்றம்.
பின்னால் பள்ளிக்கூட வான்,
அதற்குப் பின்னால்
ஹோர்னில் கை வைத்தபடி ஒரு பஸ்.
கைப்பிரேக்கைப் பிடித்த என் உள்ளங்கை
கையுறைக்குள் இருப்பதுபோல் வியர்த்தது.

"விடாதீங்க மிஸ்.
இன்னும் விடாதீங்க.
கொஞ்சம்.
கொஞ்சம்.
அங்கதான், பிடிங்க.
இப்ப."

இருபத்திரண்டு வருஷமாக
பிரசவ அறையில் நான் சொல்கிற சொல்.
அப்படியே. அதே இழுவை.
எனக்குச் சிரிப்பு வந்தது,
காலிலே நடுக்கம் நின்றது,
கார்
தன்னை ஒருமுறை உலுக்கிக்கொண்டு
மேலே ஏறியது.

இந்த நௌபர்
போன வைகாசியில் எங்கள் விடுதி வாசலில்
செருப்பில்லாமல் நின்றவன்.
கதவு திறந்ததும் முதலில் கேட்டது
"நோமலா மிஸ், சிசரா?"
சிசர் என்றேன்.
முகம் ஒரு நொடி இறங்கி
பிறகுதான்
பிள்ளையைக் கேட்டது.
அவனைக் குறை சொல்ல மாட்டேன்,
எல்லோருக்கும் அந்தக் கேள்விதான் முதலில் வரும்.
வலித்தால்தான் வந்த மாதிரி,
இழுத்துப் போட்டால்தான் ஓட்டின மாதிரி.
தையல் காயாமல் திரும்பிப் படுக்க ஏலாதவளிடம்
"உனக்கென்ன, சுகமாகத்தானே வெட்டி எடுத்தது" என்று
பக்கத்துக் கட்டிலில் இருந்து ஒருத்தி சொல்வாள்.
கௌசிகாவைப் பார்த்து
அதே சிரிப்பை நானும் சிரித்திருக்கிறேன்.

இறக்கத்தில்
பிரட்றிக் கோட்டைப் பக்கம் திரும்ப
நடு வீதியில் புள்ளிமான்.
பொலித்தீன் பை ஒன்றை மென்றுகொண்டு
அவசரமில்லாமல் நின்றது.
பிரேக்கை மிதித்தேன், கிளச்சை மறந்தேன்.
எஞ்சின் செத்தது.
நௌபர் தலையில் கை வைத்தான்.
மான் என்னைப் பார்த்தது.
கியர் தப்பியது அதற்குத் தெரியாது.
நான் நின்றுவிட்டேன்,
அவ்வளவுதான் அதற்கு வேண்டும்.

இரண்டாந்தரம் பாஸ்.
கியர் கார் வாங்கவில்லை,
கௌசிகாவின் வேகன் ஆரைத்தான்
இரவு வேலைக்கு இரவல் எடுக்கிறேன்.
அனுராதபுரச் சந்தியில் சிவப்பு விழும்போதெல்லாம்
இடது கால் இல்லாத ஒன்றைத் தேடி
வெறும் கம்பளத்தை அமுக்கும்.
அமுக்கட்டும்.

நேற்று விடியப்புறம் நாலு மணி.
கதவைத் திறந்தேன்.
வாசலில் ஏழெட்டுப் பேர்,
ஒரே குரலில் அந்தக் கேள்வி.

"பெண் பிள்ளை" என்றேன்.
"மூன்று கிலோ நூறு.
நல்லா அழுறா."